துரையின் ஓரத்து விரல்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். இந்த வீட்டில் சௌக்கியமில்லாத ஒரே ஜீவன் தங்களுக்குச் சொந்தமானது என்பதால்தான் இந்தக் கடிதம். அங்கே தங்கள் உத்தியோகமும், நாய்க்கு அனுமதி இல்லாத தங்கள் அடுக்குமாடி வீடும், தங்களைக் கட்டிக்கொண்ட என் மகளும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் "அதோட கால்ல" என்று ஆரம்பித்ததுமே "ஒரு நிமிஷம் மாமா, ஆபீஸ்லேருந்து கூப்பிடறாங்க" என்று போய்விடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. முழுக்கப் படித்துத்தான் தீர வேண்டும்.

"ஒரே மாசம்தான் மாமா, வீடு மாறினதும் கூட்டிட்டுப் போயிடறோம்" என்று சொல்லி, ஒரு மெத்தை, ஒரு தட்டு, ஒரு நாய் ஆகிய மூன்றையும் என் தையல் அறையில் இறக்கிவிட்டுப் போனீர்கள். அது போன வருஷம். உங்கள் கம்பெனியில் மாசம் ரொம்ப நீளம் போலிருக்கிறது. நாய்க்கு நீங்கள் வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. வந்த அன்றைக்கே என் கட்டிங் மேஜைக்கு அடியில் அது கால் நீட்டிப் படுத்த தோரணையைப் பார்த்து, அத்தை "துரைக்கு வேற என்ன வேணுமாம்?" என்றாள். திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து துரைதான். நூல்கண்டு கீழே உருண்டால் கவ்விக்கொண்டு வந்து என் மடியில் வைப்பார். எச்சிலுக்குத் தனியாக எதுவும் வாங்குவதில்லை.

வினை தங்கள் அன்பிலிருந்துதான் ஆரம்பித்தது. நாய் பிஸ்கட் பார்சல் அனுப்பினீர்கள் அல்லவா? அதைக் கொண்டுவந்த கூரியர்காரரை வரவேற்கத் துரை பாய்ந்த பாய்ச்சலில், முன்னங்காலின் ஓரத்து விரல் கேட் கம்பியில் மாட்டி நகம் பிய்ந்துவிட்டது. நகம்தானே, தன்னால் முளைக்கும் என்று களிம்பு தடவினோம். முளைத்தது நகமல்ல, சீழ். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கிருமி எலும்புக்குள்ள போயிடுச்சுங்க. எலும்பை அரிக்குது. வாரக்கணக்கா மாத்திரை விடாம குடுக்கணும். அப்படியும் அடங்கலைன்னா விரலை எடுத்துடணும், இல்லேன்னா பாதத்துக்கு ஏறிடும்" என்றார். விரலை எடுப்பதா! காலம் பூரா துணி வெட்டிச் சோறு தின்றவன் நான் மாப்பிள்ளை. தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம், வெட்டு கோணினால் கடவுளே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. "வெட்டற பேச்சே வேண்டாங்க, மாத்திரையே குடுங்க" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த மாத்திரைக் கூத்தைக் கேளுங்கள். முட்டையில் வைத்தால் முட்டை உள்ளே போகும், மாத்திரை வெளியே வரும். அப்புறம் அத்தை ஈரலில் பொதிந்து தன் கையாலேயே ஊட்ட ஆரம்பித்தாள். என்னைக் கட்டிக்கொண்ட நாளாக எனக்கு ஒரு வாய் ஊட்டினதில்லை, அது வேற கதை. துரை விழுங்குவார், உதட்டை நக்குவார், வாலை ஆட்டுவார். "பாத்தீங்களா, என்ன சமத்து!"ன்னு அத்தைக்குப் பெருமை தாங்காது. இப்படியே போயிட்டிருக்கும்போது பேங்க் மேனேஜர், என்கிட்ட தைக்கக் குடுத்த கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். அந்தக் கோட்டு ஹேங்கர்லேருந்து நழுவி மேஜைக்கடியில கிடந்ததை நான் உதறி எடுத்துக் குடுத்தேன். கண்ணாடி முன்னாடி அப்படித் திரும்பி இப்படித் திரும்பி, ஸ்டைலா பாக்கெட்டுக்குள்ள கையை விட்டவர், "என்னங்க, ஈரமா இருக்கு?"ன்னு ஒரு மாத்திரையை எடுத்தார். "இது சர்க்கரைக்கா, பிரஷருக்கா?"ன்னு வேற கேட்டார். "நாய்க்குங்க"ன்னேன். கை கழுவப் போன மனுஷன் அப்படியே வீட்டுக்குப் போயிட்டார். மேஜைக்கடியில வெட்டுத்துண்டு மூட்டையைக் கொட்டிப் பார்த்தா, ஒரு மருந்துக்கடையே வைக்கலாம், அவ்வளவு மாத்திரை. மூக்கால தள்ளித் தள்ளிப் பதுக்கியிருக்கார் உங்க சமத்து. டாக்டரம்மா தலையில அடிச்சுக்காத குறை. வேற மாத்திரை எழுதி, முதல்லேருந்து ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க.

இதுக்கு நடுவுல நானும் என் பங்குக்கு ஒரு கைங்கரியம் பண்ணினேன். டெய்லர் வீட்டு நாய் கந்தல் கட்டோட தெருவுல நடந்தா பாக்கிறவன் என்ன நினைப்பான்? காலுக்கு ஒரு உறை தைக்கலாம்னு டேப் எடுத்து அளவெடுத்தேன். அளவு குடுக்கக் காலை நீட்டிக்கிட்டு நின்னார் பாருங்க, என் கஸ்டமர் ஒருத்தர்கூட அப்படி ஆடாம நின்னதில்லை. தண்ணி இறங்காத ரெயின்கோட்டுத் துணி, உள்ளே வெல்வெட் லைனிங், கணுக்காலில் எலாஸ்டிக், ஓரத்துல ஒரு பட்டன் சும்மா அழகுக்கு. தெருவே நின்னு பார்த்துச்சு. அடுத்த தடவை டாக்டரம்மா அதைக் கழட்டினாங்க, முகம் மாறிப்போச்சு. "காத்தே போகாம உள்ள வெந்து கிடக்குதே! புண்ணு எப்படிங்க ஆறும்? யாரு தச்சாங்க இதை?" "தெருமுனையில ஒரு டெய்லருங்க"ன்னேன். "அந்த ஆள்கிட்ட இனிமே போகாதீங்க"ன்னாங்க. சரிங்கன்னு தலையை ஆட்டிட்டு வந்தேன்.

போன வாரம் மறுபடி படம் எடுத்தாங்க. எலும்பு இன்னும் கரைஞ்சிருக்கு. "இனிமே மாத்திரையை நம்பிப் பிரயோஜனமில்லை, விரலை எடுத்துடலாம். ஓரத்து விரல்தான், நடுவுல ரெண்டு விரல் நல்லா இருந்தா போதும், ஓடும். ஆனா ஓனர் கையெழுத்து வேணும்"னாங்க. ஓனர் யாரு? தாங்கள்! உடனே போன் போட்டேன். தாங்கள் என்ன சொன்னீங்க? "நான் வர்ற வரைக்கும் யாரும் கத்தி வைக்கக்கூடாது மாமா. விரல் இல்லேன்னா போட்டோல அசிங்கமா இருக்கும்." எப்ப வருவீங்கன்னு கேட்டா, "லீவு கிடைக்கணும் மாமா." ரொம்ப சரி. நான் கிருமிகிட்ட சொல்லி வைக்கிறேன், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோப்பான்னு. அது தங்களை மாதிரியே ரொம்ப சொன்ன பேச்சு கேட்கிற ஜாதி.

நேத்து நூல்கண்டு கீழே விழுந்து உருண்டுச்சு மாப்பிள்ளை. துரை தலையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்தார். முடியாம மறுபடி படுத்துட்டார். நான்தான் குனிஞ்சு எடுத்தேன். அத்தை சமையல்கட்டுல போய் நின்னு அழறா, கேட்டா வெங்காயம்ங்கறா, அன்னிக்கு வெங்காயமே வாங்கலை.

ஆகையால் இதையே என் கடைசி வார்த்தையாகக் கொள்ளவும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து கையெழுத்துப் போடுவதோ, போட்டோ எடுப்பதோ, எதுவானாலும் தாங்களே செய்து, தங்கள் நாயைத் தாங்களே அழைத்துக்கொண்டு போய்விடவும். அடுத்தவர் நாய்க்கு அழுவதற்கு எங்களுக்குத் தெம்பில்லை.

மகளுக்கு எங்கள் அன்பும் ஆசியும். தங்களுக்குச் சீக்கிரம் லீவும், மாசத்துக்கு எத்தனை நாள் என்கிற ஞானமும் சித்திக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாய்க்குக் காவலிருக்கும்
மாமா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடத்தான் துரையையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பினேன். மூணு கால்ல தத்தித் தத்தி வந்தார். தபால் பெட்டிக்கு முன்னாடியே டாக்டரம்மா ஆஸ்பத்திரி வந்துடுச்சு. "ஓனர் வந்தாச்சா?"ன்னு கேட்டாங்க. "வந்தாச்சு, நான்தான்"னு சொல்லிக் கையெழுத்தைப் போட்டுட்டேன். கடிதம் சட்டைப் பையிலேயே தங்கிடுச்சு. அன்னிக்கே விரலை எடுத்துட்டாங்க அந்தம்மா. சுத்தமான வெட்டு, சன்னமான தையல், நானே குறை சொல்ல முடியலை. இன்னிக்குக் காலையில நூல்கண்டு மடிக்கு வந்துடுச்சு, எச்சிலோட. சும்மா பார்க்கலாம்னு நானேதான் உருட்டி விட்டேன். அதனால ஞாயிற்றுக்கிழமை வரணுமேன்னு அவசரப்பட்டு லீவு போட வேண்டாம். எப்பவாவது வந்தா அத்தை கையால சாப்பிட்டுட்டு, மெத்தையையும் தட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க. அது ரெண்டும் உங்களோடதுதான்.