மோசே ரெண்டு பக்கமும் பாத்தாரு

ஹெட்மாஸ்டர் சார், போன மாதம் பாராட்டு விழா மேடையில் நீங்கள் சொன்னது பொய். உங்கள் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்றீர்கள். பஞ்சர் பாஸ்டரை ரோட்டில் நின்ற பைத்தியம் என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தீர்கள். அப்போது அந்தப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசகர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பஞ்சர் பாஸ்டரைப் போல வேதக் கதைகளை நாசம் பண்ணியவர் உலகத்தில் இன்னொருவர் கிடையாது.

1991. சுங்குவார்சத்திரம் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் மிஷன் ஆரம்பப் பள்ளி. பள்ளி அடிபம்பு ரிப்பேர். சாப்பிட்ட தட்டைக் கழுவப் பிள்ளைகள் பெங்களூர் லாரிகளுக்கு நடுவே எதிர்ப்பக்கப் பம்புக்கு ஓடும். கேட்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவர் இதைத் தினமும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கடைசி பெஞ்சில் தூங்குகிற மனிதர், திடீரென்று உங்களிடம் வந்து மத்தியானம் பிள்ளைகளுக்கு ஜெபக்கூட்டம் நடத்துகிறேன் என்றார். நீங்களும் சரி என்றீர்கள். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவர் பஞ்சர் பாஸ்டர்.

மூன்று சக்கர வண்டியில் டிரம் நிறையத் தண்ணீர் கொண்டுவருவார். பிள்ளைகள் உள்ளேயே தட்டைக் கழுவிவிட்டுப் புங்கமரத்தடியில் உட்காரும். பழைய லாரி ரிம்மில் டயர் லீவரால் அடித்து ஆரம்பிப்பார். பாட்டும் உண்டு. லாரி மேடேறுகிற சத்தம் அதைவிட இனிமை.

"மோசே கடலாண்ட வந்தாரு. ஓடுனாரா?"

"இல்ல."

"இன்னா பண்ணாரு?"

"நின்னு ரெண்டு பக்கமும் பாத்தாரு."

யோனா சைடு பார்க்காமல் இறங்கியதால் மீன் அடித்தது. எரிகோ சாலையில் ஒருவன் அடிபட்டுக் கிடந்தான். "அடிச்சது யாரு?" என்பார். "லாரி" என்று மொத்தக் கூட்டமும் கத்தும்.

ஒரு நாள் ஒரு அப்பா சண்டைக்கு வந்தார். "எம் புள்ள நெத்தில துன்னூறு கீது. நீ இன்னாய்யா சொல்லிக் குடுக்கிற?"

"ரோட்ட பாத்துத் தாண்டுன்றேன். உங்க சாமி வோணாம்னுதா?"

மறுநாள் அவர் சின்னப் பிள்ளையையும் அனுப்பிவைத்தார்.

சபை உபதேசியார் அப்படி விடவில்லை. "வேதத்துல லாரி எங்கய்யா வருது?"

"வேதத்துல வர்ல உபதேசியாரே. வாசல்ல வருது."

இது துர்உபதேசம் என்று கூட்டத்தை நிறுத்தினீர்கள். தண்ணீர் வண்டியும் வெளியே போனது. "பம்பையாவது சரி பண்ணுங்க சார்" என்றேன். "எழுதிப் போட்டிருக்கேம்மா. புள்ளைங்க ஜாக்கிரதையா போய் வரட்டும்" என்றீர்கள்.

அதற்கடுத்த வாரம் ஒன்றாம் வகுப்பில் கலைவாணி சேர்ந்தாள். மோசே கதையை அவள் கேட்டதே இல்லை. தட்டோடு ஓடினாள். தட்டு மட்டும் உருண்டு இந்தப் பக்கம் வந்தது.

மறுநாளிலிருந்து பாஸ்டர் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, சிவப்புத் துணியோடு நடு ரோட்டில் நின்று லாரிகளை மறித்தார்.

"யோவ் சாவுகிராக்கி, வூட்ல சொல்ட்டு வந்தியா?" என்பான் டிரைவர்.

"சொல்றதுக்கு வூட்ல ஆளு இல்ல. நீ நில்லு."

கதை சொல்லு பாஸ்டர் என்று பிள்ளைகள் கெஞ்சின. "கதெல்லாம் மறந்துபோச்சி. ஓரமா நட" என்பார். அதற்குப் பிறகு அவர் ஒரு கதையும் சொல்லவில்லை. அவருக்கான சோற்றை நான் ரோட்டுக்கே கொண்டுபோவேன். ஒரு கையால் லாரியை நிறுத்திக்கொண்டு மறு கையால் தின்பார். காறித் துப்பிவிட்டுப் போகிற டிரைவர்களைப் பார்த்துக்கொண்டே, குழம்பில் உப்பு குறைச்சல் என்று என்னைத் திட்டுவார். பள்ளிப் பம்பைச் சரி பண்ணிய அன்றுதான் ரோட்டை விட்டு இறங்கினார். இப்போது அவர் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே பாஸ்டர் அவர்தான்.

சார், அதே மேடையில் ஏறுங்கள். அதே கூட்டத்தைக் கூப்பிடுங்கள். கலைவாணி செத்த அன்று தண்ணீர் வண்டி ஏன் கேட்டுக்கு வெளியே நின்றது? மைக்கில் சொல்லுங்கள்.