ரோமாபுரிச் சவுக்கும் ஒரு போத்தல் வினாகிரியும்

சித்திரக்கலையில் பட்டம் பெற்றவர்களை விசேடங்களுக்குத் தாராளமாக அழைக்கலாம். ஆனால் எந்த வேலையையும் ஒப்படைக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் அள்ளி வரச் சொன்னால், குடத்தின் கழுத்து வளைவைப் பற்றிக் கிணற்றடியில் நின்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருப்போம். அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிடும். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த இனத்தில் நான் முதல் வரிசை ஆள் என்பதால் எச்சரிக்கிறேன்.

எனக்கு அப்போது பட்டம் கிடைத்திருந்தது, வேலை கிடைத்திருக்கவில்லை, காதல் மட்டும் முற்றியிருந்தது. ஜெசிந்தா என்னோடு கம்பஸில் படித்தவள். பருத்தித்துறைக்குக் கிட்ட, கடலோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நான் நீர்வேலி வாழைத்தோட்டக்காரரின் மகன். தேவாரம் பாடாமல் தேத்தண்ணி கிடைக்காத வீடு. எங்கள் பக்கம் ஒருவாறு சரிக்கட்டியாயிற்று (அம்மா அழுதார், அப்பா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார், பிறகு பசித்துவிட்டது). மிச்சம் இருந்தவர் ஜெசிந்தாவின் அப்பா. வருடாவருடம் பெரிய வெள்ளிக்கிழமையன்று தேவாலய முற்றத்தில் நடக்கும் திருப்பாடுகளின் காட்சியைப் பழக்கி மேடையேற்றுகிறவர் அவர்தான். ஊர் முழுக்க அவரை அண்ணாவியார் என்றே அழைக்கும்.

அண்ணாவியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, எங்கடை சனத்தோடை நீர் ஒட்டுவீரோ எண்டு எனக்குத் தெரியவேணும். முதல் காட்சியிலை ஒரு வேஷம் கட்டும். கலியாணக் கதையைப் பிறகு கதைப்பம்."

கிடைத்த வேஷம் என்ன தெரியுமா? இயேசுவைக் கற்றூணில் கட்டிவைத்துக் கசையால் அடிக்கும் ரோமப் போர்வீரன்! வழக்கமாக அடிக்கிறவர் பிரான்சுக்குப் போய்விட்டார் (ரோமச் சேனையில் பாதி இப்போது பாரிசில்தான்). இயேசுவாக நடிப்பவர் ஜெசிந்தாவின் அண்ணன் அன்ரன். ஆக, பெண் கேட்டுப் போன வீட்டில் மைத்துனரை ஊர் பார்க்க அடிக்க வேண்டும். அதை நல்ல முறையில் அடித்தால்தான் பெண்.

"இஞ்சை பாரும்," என்றாள் ஜெசிந்தா. "ஏறி அடிச்சிட்டு இறங்கி வந்தால் காணும். ஆருக்கும் விளக்கம் குடுக்கப் போகாதையும்."

"ஓம்" என்றேன். அந்த ஓம் முதல் ஒத்திகை வரைக்கும் தாக்குப்பிடித்தது.

அன்று என் கையில் ஒரு பழைய நைலோன் கயிற்றைக் கொடுத்தார்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது. சவுக்கு என்ன சாதாரண பொருளா? எகிப்து மன்னர்கள் அதை மார்பின் குறுக்கே செங்கோல்போலப் பிடித்தபடிதான் சவப்பெட்டிக்குள்ளேயே படுத்திருக்கிறார்கள்! கொள்ளைநோய்க் காலத்து ஐரோப்பாவில் மனிதர்கள் தங்களைத் தாங்களே அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள்! அதைவிடப் பெரிய அதிசயம், ஓவியர்கள் அதே சவுக்கைத் தேவதூதர்களின் கையில் கொடுத்துவிட்டார்கள். அடித்தவனின் ஆயுதம் அடிபட்டவரின் விருதாக மாறிவிட்டது! இவ்வளவையும் நான் மேடையில் நின்றே சொல்லி முடித்தேன். யூதாஸ் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். கற்றூணில் கட்டப்பட்டிருந்த அன்ரன் அண்ணை மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, அடிக்கப் போறீரோ, அவிட்டு விடப் போறீரோ? கை விறைக்குது."

அசல் ரோமாபுரிச் சவுக்கை நானே செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எங்கள் தோட்டத்து வாழைநாரை மூன்று வாலாகப் பின்னி, நுனிகளில் முடிச்சுப் போட்டேன். பார்த்தால் பயங்கரம், பட்டால் பஞ்சு. அடுத்த பிரச்சினை இரத்தம். கடைச் சிவப்புச் சாயம் அன்ரன் அண்ணைக்குச் சொறியும். எனக்கு ஒரு யோசனை மின்னியது! எங்கள் வீட்டில் ஆராத்திக்கு மஞ்சளையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கரைத்தால் வருகிற சிவப்பைவிட நல்ல இரத்தம் உலகத்தில் உண்டா? அம்மாவிடம் ஒரு வாளி கரைக்கச் சொன்னேன்.

"ஆருக்கடா இவ்வளவு ஆராத்தி?"

"இயேசுவுக்கு."

"நல்லது, அந்தப் பிள்ளைக்குக் கண்ணூறு கழியட்டும்" என்று அம்மா மனதாரக் கரைத்துத் தந்தார்.

பெரிய வெள்ளி வந்தது. முற்றம் நிரம்பி மதிலிலும் சனம். கனடாவிலும் பாரிசிலும் இருக்கிற உறவுகளுக்காக ஒருவர் கைத்தொலைபேசியில் நேரலை விட்டுக்கொண்டிருந்தார். நான் கடதாசி மட்டைக் கவசத்தோடு மேடையேறினேன். ஆயுதத்தைக் கையில் எடுத்ததும் பழக்கதோஷத்தில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். திரைக்குப் பின்னால் அண்ணாவியார் பல்லைக் கடித்தார்: "ரோமாபுரியிலை உப்பிடியே கும்பிட்டவங்கள்?"

பிறகு, ஓரத்தில் இருந்த ஆராத்தி வாளியில் சவுக்கைத் தோய்த்து அடித்தேன். அன்ரன் அண்ணையின் முதுகிலும் மார்பிலும் செக்கச் செவேலென்று கோடுகள் விழுந்தன. "ஐயோ, என்ரை ராசா!" என்று முன்வரிசைப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். உண்மையான கண்ணீர். அதுவரை நான் படித்த படங்களில் சவுக்கு இருந்தது, வலி இருக்கவில்லை என்பது அந்தக் கணத்தில்தான் உறைத்தது. கீழே இறங்கியபோது அண்ணாவியாரின் கண்ணும் கலங்கியிருந்தது. என் தோளில் தட்டினார். கலியாணம் சரி!

அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் சிலுவைக் காட்சியில் இயேசுவின் வாயருகே தடியில் செருகிய கடற்பஞ்சை நீட்டுவதும் அதே வீரன்தான். பஞ்சில் வழக்கமாக நனைப்பது வெறும் தண்ணீர். வரலாற்றின்படி அது புளித்த காடி என்பது எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்றைச் செய்யாமல் விட எனக்குத் தெரியாது. அதற்காகவே கடையில் வாங்கி மறைத்து வைத்திருந்த ஒரு போத்தல் வினாகிரியைப் பஞ்சில் கவிழ்த்தேன்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பில் புளிப்புப் பட்டால் என்ன நடக்கும் என்று பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது. நான் அப்போது சித்திரம் கீறிக்கொண்டிருந்திருப்பேன்.

பஞ்சை நீட்டினேன். வினாகிரி நாடியால் வழிந்து, கழுத்தால் இறங்கி, மார்புக்கு வந்தது. வந்த வழியெல்லாம் இரத்தம் பளீரென்று மஞ்சளாகியது! மதிலில் இருந்தவர்களும் எழும்பி எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு குரல் எழுந்தது:

"ஐயோ, அன்ரனுக்குச் செங்கண்மாரி! உடம்பெல்லாம் மஞ்சளாப் போச்சு!"

"கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுங்கோ!" என்றது இன்னொரு குரல்.

அந்த நேரத்தில் மூளையுள்ளவன் மறைந்திருப்பான். நான் ஓடிப்போய் வாளிக்குள் சவுக்கைத் தோய்த்து எடுத்து வந்து, மஞ்சளை மறுபடி சிவப்பாக்குவதற்காக, சிலுவையில் தொங்குகிறவரை மறுபடி விளாசத் தொடங்கினேன். எந்த வேதத்திலும் இல்லாத காட்சி! சிவந்தது, வினாகிரி வழிந்தது, மஞ்சளானது. மறுபடி விளாசினேன்.

"அடிச்சு முடிஞ்சுதெல்லோடா, பாவி! இன்னுமோ?" என்று முன்வரிசையில் இருந்து ஒரு அம்மா குடையோடு மேடையேறினார். முதல் அடி கவசத்தில் விழுந்தது. இரண்டாவது அடியில் கவசம் இல்லை.

"ரோமன், இறங்கும்! ரோமன், இறங்கும்!" என்று அண்ணாவியார் ஒலிபெருக்கியில் கத்தினார். மேலே அன்ரன் அண்ணையின் தோள் குலுங்கியது. அழுகிறாராக்கும் என்று சனம் விம்மியது. அவர் சிரிப்பை அடக்க முடியாமல் கடைசி வசனத்தையும் விட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டார். திரையை இழுத்து மூடினார்கள்.

நான் தேவாலயத்துக்குப் பின்னால் வள்ளம் ஒன்றின் மறைவில் போய்க் குந்தினேன். ஜெசிந்தா இனி எனக்கில்லை என்றே நினைத்தேன். வெட்கமில்லாமல் அழுதேன். குடை பட்ட முதுகு எரிந்தது. அது பெரிதாகத் தெரியவில்லை.

அண்ணாவியார் என்னைத் தேடி வந்தபோது அவருடைய தொலைபேசி அடித்தது. ரொறன்ரோவில் இருந்து அவருடைய அக்கா. அவர் கத்தியது எனக்கே கேட்டது: "தம்பி, அன்ரனுக்குக் கலியாணமே? மஞ்சள் பூசிக் கிடக்கு! எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதோ?"

அண்ணாவியார் கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாய் கோணியது, கோபமா சிரிப்பா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

"அவனுக்கில்லை, அக்கா. ஜெசிந்தாவுக்கு" என்றார். "உந்தப் பெடியனை வெளியிலை விட்டு வைச்சிருக்கேலாது. மருமேன் எண்டால்தான் வாயைப் பொத்தடா எண்டு உரிமையாச் சொல்லலாம்."

நாங்கள் திருமணம் செய்து வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது நான் பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியார். திருப்பாடுகளின் காட்சியில் எனக்கு நிரந்தரமாக ஒரு வேஷம் உண்டு: இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலிக்கும்போது திரைக்குப் பின்னால் கூவுகிற சேவல். கையில் எதுவும் தரமாட்டார்கள், மேடைப்பக்கமும் விடமாட்டார்கள். போன வருட ஒத்திகையில், பழைய தேவாலயங்களின் கூரை உச்சியில் ஏன் சேவலை வைத்தார்கள் என்று ஒரு சின்ன விளக்கம் ஆரம்பித்தேன். இரண்டாவது வசனம் வருவதற்குள் என் மகளின் குரல் முற்றத்தின் மறுபக்கத்தில் இருந்து வந்தது:

"அப்பா, கூவினால் காணும்!"

அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் நான் எதைப் பற்றி வாயைத் திறந்தாலும், மனைவி, மகள், மாமா, அன்ரன் அண்ணை எல்லோருக்கும் இந்த ஒரே வசனம்தான். ரொறன்ரோ மாமியும் தொலைபேசியில் அதையே சொல்கிறார்.