ஐம்பதுக்குக் கீழே இறங்காதவர்

சதவீதக்காரரை உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, கூரையில் சோலார் தகடு பதித்து, கட்டிலுக்கு அடியில் பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் பேட்டரியைக் கிடத்தி, சுவரில் டிவியும் மாட்டி, "இனி எந்தக் காட்டுக்குள்ள போனாலும் படம் பாக்கலாமுங்க" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவாரே, அவர்தான். காட்டுக்குப் போவார். டிவியைப் போடுவார். படம் மட்டும் பார்க்க மாட்டார்.

அவர் பார்ப்பது டிவிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் இருக்கும் மீட்டரை. கதாநாயகி அழுதால் "எழுபத்திரெண்டு" என்பார். வில்லன் சிரித்தால் "அறுபத்தொம்பது" என்பார். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிப்பது என் வேலை. உயிருக்குப் போராடுகிறவரின் நாடியைக்கூட நான் இத்தனை முறை பார்த்ததில்லை.

இந்த இனத்தின் அசல் மாதிரி திருச்செங்கோட்டுக் குழந்தைவேல். போர்வெல் ரிக் லாரி வைத்துப் பல மாநிலங்களில் ஓட்டி ஓய்ந்தவர். வாழ்நாளெல்லாம் பூமிக்குள் ஆயிரம் அடி இறங்கிய மனிதர், ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இறங்க நடுங்குகிறார். ஐம்பதைத் தொட்டால் டிவியை அணைத்துவிடுவார். மிச்சம் எதற்கு? அவசரத்துக்கு. என்ன அவசரம்? அதை யாரும் இதுவரை பார்த்ததில்லை.

அவர் மனைவி மயிலம்மாளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து நான் அவர்களோடு இருக்கிறேன். காற்றாட வெளியே போகலாம் என்று பனமரத்துப்பட்டி ஏரிக்கரைக்கு வேனில் போனோம். மயிலம்மாளுக்குக் காற்று வேண்டாம். ஒரு கொலைகாரன் வேண்டும். எஸ்டேட் முதலாளியை யாரோ கத்தியால் குத்திவிடும் படம் அது. மேட்டூரில் பார்த்தார், பாதியில் நின்றது. கொல்லிமலையில் பார்த்தார், விசாரணையில் நின்றது.

"இன்னைக்கும் யாருன்னு தெரியலீன்னா, நாளைக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் பஸ் ஏறிருவனுங்க."

"இந்த முட்டியோடவா?" என்றார் குழந்தைவேல்.

"நொண்டிக்கிட்டே போவேன்."

சும்மா சொல்லவில்லை. துணிப்பையில் இரண்டு புடவை ஏற்கெனவே மடித்து வைத்திருந்தார்.

படம் ஓடியது. முதலில் குழந்தைவேல் ஃபேனை நிறுத்தினார். பிறகு டிவியின் வெளிச்சத்தைக் குறைத்தார். எஸ்டேட்டில் எல்லோரும் ஒரே கறுப்பாகிவிட்டார்கள். பிறகு சத்தத்தைக் குறைத்தார். போலீஸ் அதிகாரி வாயை மட்டும் அசைத்து மிரட்டினார்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுனா சார்ஜ் ஏறுமில்லீங்க?" என்றேன்.

"டீசல் என்னங் சிஸ்டர், ஏரித் தண்ணியா?"

அதிகாரி எல்லோரையும் கூடத்துக்கு வரவழைத்துவிட்டார். குற்றவாளியை நோக்கி விரல் எழுகிறது. குழந்தைவேலின் விரலும் சுவிட்சை நோக்கி எழுகிறது. "அம்பத்தொண்ணு" என்றார். மயிலம்மாள் துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே ஒருவர் பொரி தின்றபடி எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரிக் ஓட்டியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊரில் துளை போட்டாலும் சுற்றிலும் கூட்டம் நிற்கும், "எத்தன அடிங்க?" என்று கேட்கும், பதில் சொல்லாமல் இவர்களால் இருக்க முடியாது. நான் தலையை வெளியே நீட்டினேன்.

"ஏனுங்க, என்னமோ கேக்கோணும்னு நிக்கறீங்களாட்ட இருக்குது? ஓனரு உள்ளதான் இருக்காருங்க."

"அட, ஒண்ணுமில்லீங்க. இதெல்லாம் பேட்டரியிலயா ஓடுது?"

சுவிட்சுக்குப் போன விரல் வழியிலேயே நின்றது. குழந்தைவேல் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கிவிட்டார்.

வந்தவர் அம்மாபேட்டைத் துணி வியாபாரி, பெயர் வீரபாகு. பாவம், நல்ல மனிதர். குழந்தைவேல் சோலார் தகட்டைக் காட்டினார், அவர் பார்த்தார். ஒயரைத் தொடச் சொன்னார், தொட்டார். வண்டிக்கு அடியில் குனியச் சொன்னார், குனிந்தார். நான் கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, வெளிச்சத்தையும் சத்தத்தையும் முழுசாக ஏற்றினேன். மயிலம்மாள் நல்ல காலையும் கெட்ட காலையும் நீட்டிக்கொண்டு, கொலைகாரர் பிடிபட்டு, அழுது, காரணம் சொல்லி, ஜீப்பில் ஏறி, கடைசிப் பெயர் திரையில் ஓடும்வரை பார்த்தார். துணிப்பை எப்போது கீழே போனது என்று அவருக்கே தெரியாது.

குழந்தைவேல் திரும்பி ஏறினார். மீட்டரைப் பார்த்தார். முப்பத்தெட்டு.

நான் ரத்த அழுத்தக் கருவியை எடுத்து வைத்துக்கொண்டேன். மனிதர் முகம் வெளிறியது, சிவந்தது, பிறகு மலர்ந்தது. கதவைத் திறந்து, தப்பித்துப் போய்க்கொண்டிருந்தவரைக் கூவி அழைத்தார்.

"வீரபாகுங்க! முழுப் படம் ஓடியும் முப்பத்தெட்டு நிக்குதுங்க! வந்து பாருங்க!"

"கொன்னது அண்ணிங்க" என்றார் மயிலம்மாள்.

"எந்த அண்ணி?" என்றார் கணவர்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் வேன் இல்லை, ஏரி இல்லை, மீட்டர் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: உங்கள் கைப்பேசியில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது? பார்க்காமலேயே எண் வந்துவிட்டதா? அப்படியானால் உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் துணிப்பையில் புடவை மடித்துக்கொண்டிருக்கிறார். போய்ப் பாருங்கள்.