கேட்டில் பூட்டிய ஃபோன்கள்

2024 ஜூலை 8, திங்கட்கிழமை, ஆம்பூர். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ‘மாதனூர் கம்பெனி பஸ்’ என்ற வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பத்தோரு செய்திகள் பதிவாகின. அந்த நேரம் முழுவதும் அவற்றை எழுதிய எல்லோருடைய ஃபோனும் ஷூ கம்பெனி கேட்டில், இரும்பு பீரோவுக்குள் பூட்டியிருந்தது.

குரூப்பின் அட்மின் மேகலா, ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை செய்பவள். சாயங்காலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து செய்திகளைப் படிக்க ஆரம்பித்தாள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நேரத்தைப் பார்த்த பிறகு மறுபடி மேலிருந்து படித்தாள்.

போன வாரம் வரை அந்தக் குரூப் சந்தைக்கடையாக இருந்தது. பஸ் எங்கே வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்காகத் தொடங்கியது. ஆளாளுக்கு நாத்தனார், சித்தி பெண் என்று சேர்த்ததில் புடவை விளம்பரமும் குட்மார்னிங் ரோஜாவும் குவிந்து, பஸ் வந்த செய்தி பூக்களுக்கு அடியில் போய்விட்டது. மேகலா வெளியாட்களை எல்லாம் நீக்கி, பஸ்ஸில் வருகிற பெண்களை மட்டும் வைத்துக்கொண்டாள். விளம்பரம் ஒழிந்தது. சண்டைக்கு நிறைய இடம் கிடைத்தது.

சண்டை ஒரு ஜன்னல் சீட்டுக்காக. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, முத்துமாரி உட்காரும் இடம். ஏப்ரலில் ஒருநாள் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட முத்துமாரி, டவுன் பஸ் பிடிக்க ஹைவேயைக் கடந்தபோது லாரி மோதி இறந்துபோனாள். அதன் பிறகு அந்த சீட் காலியாகவே போய் வந்தது. போன வாரம் அமிர்தவள்ளி டிபன் பையைப் போட்டு அதைப் பிடித்தாள். நசீமுன்னிசா பையை எடுத்துக் கீழே வைத்தாள். மீதி சண்டை குரூப்பில் நடந்தது. ஹெச்.ஆர். அம்பிகா மேடம் வரை போய் முடிந்தது.

“இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா மாதனூர் பஸ்ஸையே நிறுத்திடுவேன். எல்லாரும் டவுன் பஸ்ல வந்து சேருங்க” என்றார் அம்பிகா மேடம்.

டவுன் பஸ் என்றால் தினமும் அதே ஹைவேயைக் கடக்க வேண்டும்.

இப்போது குரூப்பில் இப்படி இருந்தது.

அமிர்தவள்ளி, 11.20: ‘நசீமாக்கா, சீட் விஷயத்துல நான் ஜாஸ்தி பேசிட்டேன். தப்பு என் மேலதான்.’

நசீமுன்னிசா, 11.26: ‘இல்ல அமிர்தம், பையைத் தொட்டது என் தப்பு.’

மேகலா, 11.31: ‘இப்படிப் பேசினா எவ்ளோ நல்லா இருக்கு. ரெண்டு பேருக்கும் நன்றி.’

பதினொன்று முப்பத்தொன்றுக்கு மேகலா தன் மெஷினில் அறுந்த நூலைக் குனிந்து கோத்துக்கொண்டிருந்தாள்.

முன்சீட்டில் இருந்த அமிர்தவள்ளியின் தோளைத் தட்டினாள். “அமிர்தம், இது நீ போட்டதா?”

அமிர்தவள்ளி குரலைத் தாழ்த்தினாள். “நான் போடல. ஆனா நான் போடலன்னு எங்கயும் சொல்லிடாத. அவங்க தப்புன்னு அவங்களே ஒத்துக்கினாங்க பாரு. அது போதும் எனக்கு.”

நசீமுன்னிசாவிடம் போய்க் கேட்டாள்.

“நானும் போடல மேகலா. அவதான மொதல்ல மாப்பு கேட்டா? கெளறாத, உட்டுடு.”

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் கடலை சாப்பிட்டார்கள். ஜன்னல் சீட் காலியாக இருந்தது.

வீட்டில் கணவன் ஆல்வின் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தான். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை கம்மியானதிலிருந்து அவன்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறான்.

“ஸ்கூல்ல மத்தியானமே விட்டுட்டாங்க. டீச்சருங்களுக்கு ஏதோ மீட்டிங்காம். போய்க் கூட்டியாந்துட்டேன்” என்றான்.

மேகலா அதைக் காதில் வாங்கவில்லை. “ஏங்க, என் பேர்ல யாரோ குரூப்ல எழுதறாங்க.”

“கெட்டதாவா?”

“நல்லதா எழுதறாங்க.”

“அப்ப கண்டிப்பா நீ இல்ல.”

மறுநாள் காலை கேட்டில் செக்யூரிட்டி கவுஸ் பாஷாவைப் பிடித்தாள். அவர் தன் சட்டைப் பையிலிருந்து பட்டன் ஃபோன் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“பச்சைய அமுக்கினா பேசும், செவப்ப அமுக்கினா நிக்கும். இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வராதும்மா. பீரோ சாவி மேடம்கிட்ட. மேல கேமரா. நான் இன்னா பண்ண முடியும்?”

“யாரும் தொறக்கலையாண்ணே?”

“தொறக்கல. ஆனா நேத்து பகல் முழுக்க உள்ள கொர்ரு கொர்ருன்னு ஒரே சத்தம். ஒண்ணு நின்னா இன்னொண்ணு. நாற்காலிய தூரமா போட்டுக்கினேன்.”

மேகலா எல்லோரையும் ஃபோனை அணைத்துவிட்டு உள்ளே வைக்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் வாங்கிக் கறுப்புத் திரையைப் பார்த்துத்தான் பீரோவில் வைத்தாள்.

சாயங்காலம் கவுஸ் பாஷா சிரித்தார். “இன்னிக்கி சத்தமே இல்லம்மா. பேஜார் முடிஞ்சுது.”

ஃபோனை உயிர்ப்பித்ததும் முந்தின நாளைவிட அதிகமான செய்திகள் கொட்டின. காலை பத்து மணிக்கு யாரோ ஓட்டெடுப்பு வைத்திருந்தார்கள். ‘ஜன்னல் சீட்: தினம் ஒருத்தர், முறை வெச்சு.’ எல்லோரும் சரி என்று ஓட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஒருத்தி சந்தேகம் கேட்டிருந்தாள், இன்னொருத்தி பொறுமையாக விளக்கியிருந்தாள். அமிர்தவள்ளி பொறுமையாக விளக்கி யாரும் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு செய்தி.

முத்துமாரி, 3.40: ‘என் சீட்டைக் காலியா வைக்காதீங்க. யாராச்சும் உக்காருங்க.’

அவள் நம்பரை நீக்க யாருக்கும் மனசு வராமல் குரூப்பிலேயே விட்டிருந்தார்கள். அவள் ஃபோன் சாலையில் சில்லுச்சில்லாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் அந்த பஸ்ஸிலேயே மூன்று பேர் இருந்தார்கள்.

பஸ் அப்படி அமைதியாக ஓடியதே இல்லை. டிரைவர் சந்தேகப்பட்டு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நசீமுன்னிசாவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அமிர்தவள்ளி கையில் எங்கிருந்தோ ஒரு எலுமிச்சம்பழம் வந்திருந்தது.

“தூக்கிடு மேகலா” என்றாள். “பாவம்தான். ஆனா தூக்கிடு.”

மேகலா கண்ணை மூடிக்கொண்டு முத்துமாரியை நீக்கினாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஃபோனைத் திறந்தபோது நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்தது. ‘நீங்கள் முத்துமாரியைச் சேர்த்தீர்கள்.’ நேரம், காலை 10.14. அதற்குக் கீழே முத்துமாரி: ‘நன்றி மேகலா.’

“நீயாடி சேத்த?” என்று அமிர்தவள்ளி கேட்டாள்.

“நானில்ல.”

“நீங்கள்னு போட்ருக்கு.”

“நான்தான். ஆனா நானில்ல.”

பஸ் கிளம்புவதற்குள் அம்பிகா மேடம் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

“மேகலா, இந்த வாரம் ஒரு கம்ப்ளைன்ட் இல்ல. உங்க பஸ்ல வர்ற சூப்பர்வைசர் குரூப்பக் காட்டினாங்க. எவ்வளவு டீசன்ட்டா பேசிக்கிறீங்க. குடியாத்தம் பஸ், பேர்ணாம்பட்டு பஸ் எல்லாரையும் இதுலயே சேர்த்துடலாம்னு இருக்கேன்.”

“எங்க பஸ் ஓடுமா மேடம்?”

“இந்தக் குரூப் இப்படியே இருந்தா ஓடும்.”

மேகலா வீடு வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். குரூப்பைக் கலைத்தால் பஸ் போய்விடும். கலைக்காவிட்டால் செத்தவளோடு தினமும் பேச வேண்டும், கூட இரண்டு பஸ் ஜனத்தையும் வைத்துக்கொண்டு. வாசற்படியிலேயே நின்று எழுதினாள். ‘மன்னிச்சிடுங்க. இந்தக் குரூப்பைக் கலைக்கிறேன்.’

அடுப்படியில் அரிசி டிரம் மேல் கிடந்த பழைய ஃபோன் ஒளிர்ந்தது. விரிசல் விழுந்த திரையில், மேகலாவின் படத்துக்குப் பக்கத்தில், அதே வரி.

ஆல்வின் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அடுப்பை அணைத்தான்.

“கலைக்காத” என்றான்.

“நீங்களா?”

“ஸ்கூல் மெசேஜ் எல்லாம் உன் நம்பருக்குத்தான வருது. நீ காலையில கொண்டுபோய் பீரோவுல பூட்டிடற. புள்ளைய எப்ப விடறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் பழைய ஃபோன்ல இணைச்சு வெச்சேன். உன் ஃபோன் ஆஃப்ல இருந்தாலும் இது ஓடும். நம்ம பக்கம் எல்லா வீட்லயும் அப்படித்தான்.”

“எல்லா வீட்லயுமா?”

“ஷாப்பு இல்லாதவன் எல்லாம் வீட்லதான இருக்கோம்? அமிர்தவள்ளி வூட்டுக்காரன், நசீமாக்கா வூட்டு பாய், எல்லாரும்தான்.”

“எங்க குரூப்ல உங்களுக்கு இன்னா வேலை?”

“பஸ்ல போட்ட சண்டைய நீங்க வீட்டுக்கு வந்து எங்ககிட்ட ரெண்டாவது ஆட்டம் ஓட்டறீங்க. நைட்டெல்லாம் கேக்க முடியல. அதான் பகல்லயே நாங்க பேசி முடிச்சிட்டோம். ஒரே ஒரு ரூல் வெச்சோம். அவங்கவங்க பொண்டாட்டி மாதிரி யாரும் பேசக்கூடாது.”

மேகலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிறகு கேட்டாள்.

“அப்ப முத்துமாரி?”

ஆல்வின் பழைய ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

“செல்லுதான் நொறுங்கிச்சு. சிம்மு நல்லா இருந்துச்சு. அவ வூட்டுக்காரரு ஆதிகேசவன் அண்ணன் அத வேற செல்லுல போட்டு, மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணி வெச்சிருக்காரு. அவ செத்ததுலேர்ந்து அவரு யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசல. உங்க குரூப்லதான் பேசறாரு. நீ தூக்கினப்ப நான்தான் திரும்பச் சேத்தேன். அவர மட்டும் மறுபடி தூக்கிடாத.”

மேகலா தான் எழுதிய வரியை அழித்தாள். வியாழக்கிழமை ஜன்னல் சீட்டில் நசீமுன்னிசா உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை அமிர்தவள்ளி.