சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

டி.வி. திரையில் வட்டம் மறுபடி சுற்ற ஆரம்பித்ததும், மாமனார் ரிமோட்டை சோபாவில் போட்டார்.

"மாப்பிள்ளை, உங்க டப்பா யோசிக்க ஆரம்பிச்சுடுச்சு. பெரிய மாப்பிள்ளை வீட்ல இப்படி நின்னதே இல்ல. ஞாயித்துக்கிழமை நான் அங்கேயே போயிடறேன்."

சின்ன மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. மாமனார் சகலை வீட்டுக்குப் போகட்டும்; டப்பாவைக் குறை சொல்லிவிட்டா போவது? குடும்பத்தின் படங்களும் வீடியோக்களும் குடியிருக்கும் சர்வர் அது. தானே பார்த்துப் பார்த்து அமைத்தது.

"உள்ள இருக்கறது சுத்தற தட்டு மாமா. ஒரு முள்ளு ஓடி ஓடித் தேடணும். டி.வி., கேமரா, போன் எல்லாம் ஒரே நேரத்துல கூப்பிட்டா அது எங்கேன்னு ஓடும்? ரெண்டு எஸ்.எஸ்.டி. போட்டுடறேன். அதுல சுத்தற சமாசாரமே கிடையாது. நாம அடிக்கடி கேக்கறதைக் கவனிச்சு, ஒரு நகல் எடுத்துக் கைக்கெட்டற தூரத்துல வச்சுக்கும். பரண்ல இருக்கற பாத்திரத்தை அடுப்பு மேடைக்குக் கொண்டுவர்ற மாதிரி."

"நாம எதை அடிக்கடி பார்க்கறோம்னு அதுக்குத் தெரியுமாங்க?" என்றாள் மனைவி.

"எனக்கே பேரோட காட்டும்."

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் வழக்கம்போல வாயைத் திறக்காமல் பட்டாணி உரித்தார்.

"வேண்டாம் மாப்பிள்ளை," என்றார் மாமனார். "வட்டம் சுத்தட்டும். அதுவும் பாக்க ஒரு அழகாத்தான் இருக்கு."

செலவு வைக்கக் கூடாதென்ற பெருந்தன்மை என்று சின்ன மாப்பிள்ளை உருகிப்போனார். மறுநாளே இரண்டையும் வாங்கி மாட்டிவிட்டார்.

டப்பா மிக்ஸி போல இரைந்தது.

"என்னங்க சத்தம்?"

"சூடு. விசிறி வேகமா ஓடுது."

சத்தம் கேட்காமலிருக்க டப்பாவைச் செருப்பு அலமாரிக்குள் வைத்து மூடினார். சத்தம் அடங்கியது, சூடு தாங்காமல் டப்பாவும் அடங்கியது. ஜன்னலோர மேஜைக்கு மாற்றினார். வயர் எட்டவில்லை. நீள வயரைக் கூடத்தின் குறுக்கே இழுத்தார். மாமனார் அதில் கால் தடுக்கித் தரையில் உட்கார, டப்பா மேஜையிலிருந்து அவர் மடியில் வந்து உட்கார்ந்தது.

நல்லவேளை, டப்பா, மாமனார் இரண்டும் உடையவில்லை. ஆனால் வயர் பிடுங்கிக்கொண்டு பாதியில் மின்சாரம் போனதால் டப்பா தன்னைத்தானே சரிபார்க்கத் தொடங்கியது.

"அது முடியற வரைக்கும் யாரும் எதையும் கேக்காதீங்க."

இப்போது திரையில் வட்டம்கூட இல்லை. மாமனார் பெட்டி கட்டினார்.

ஞாயிறு காலை சரிபார்ப்பு முடிந்ததும் சின்ன மாப்பிள்ளை டப்பாவைத் திறந்து, எஸ்.எஸ்.டி.யின் சூட்டை வெளியேற்றும் பட்டையைத் தடவிப் பார்த்தார். அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே ஒட்டியிருந்தார்.

"உரிச்சுட்டு ஒட்டணும்னு அட்டையிலேயே போட்டிருக்கே," என்றாள் மனைவி.

"எல்லாத்தையும் படிச்சுட்டா நாம எப்படிக் கத்துக்கறது?"

தாளை உரித்தார். விசிறி சாந்தமானது. டப்பா இருக்குமிடம் தெரியவில்லை.

மாமனார் பெட்டியைக் கீழே வைத்தார். "சரி, ஒரே ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்பறேன். நீங்க உள்ளேயே இருங்க மாப்பிள்ளை, பாவம், களைச்சிருக்கீங்க."

அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் சின்ன மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கூடத்தில் டி.வி. போடும் சத்தம் கேட்டது. பிறகு வீடே அதிரும்படி சிரிப்பு.

"பெரிய மாப்பிள்ளைக்குப் போன் போடும்மா," என்றது மாமனாரின் குரல். "நான் வரலைன்னு சொல்லிடு."

ஜெயித்தாகிவிட்டது. அப்படி எதைத்தான் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறது என்று ஆசையாகப் பட்டியலைத் திறந்தார். ஒரே ஒரு வீடியோ. பெயர்: 'ஏரி'.

கூடத்துக்கு ஓடினார். மாமனார் மறுபடி முதலிலிருந்து போட்டிருந்தார். திரையில் சின்ன மாப்பிள்ளை ஒரு காலைக் கரையிலும் ஒரு காலைப் படகிலும் ஊன்றி, படகு ஏன் சாயாமல் நிற்கிறது என்று விரலை உயர்த்தி விளக்கிக்கொண்டிருந்தார். படகு மெல்ல நகர்ந்தது.

"இதை அழிச்சுட்டேன்னு சொன்னியே?"

மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

மாமியார் பட்டாணியிலிருந்து தலையை நிமிர்த்தி, பரிவோடு சொன்னார்:

"வருத்தப்படாதீங்க மாப்பிள்ளை. இத்தனை நாளா தினமும் பாதியிலேயே நின்னுட்டீங்க, இன்னிக்குத்தான் முழுசா விழுந்தீங்க."