நான் கனடாவாக இருந்த ஒரு நாள்

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு போடுகிறவர்களில், உலக நாடுகள் அத்தனையோடும் உறவு வைத்திருக்கிற ஒரே ஆள் எங்கள் 'வெளியுறவு' மாமாதான். அவருடைய சொந்தப் பெயரை ரேஷன் கார்டில்தான் பார்க்க வேண்டும். போன வருஷம் வரைக்கும் கச்சிராயபாளையத்தைத் தாண்டி அவர் போன ஒரே வெளிநாடு வெள்ளிமலை. அதுவும் தேன் வாங்க.

காலையில் வரப்பில் உட்கார்ந்து போனில் செய்தி கேட்பார். பிறகு அதன்படி நடப்பார். எங்கோ இரண்டு நாடுகள் சண்டையை நிறுத்தினால், அன்று அவர் மோட்டார் தண்ணீர் என் கழனிக்கும் கொஞ்சம் பாயும். எங்கோ ஆட்சி கவிழ்ந்தால் அத்தையோடு பேசமாட்டார். ஏன் என்று அத்தைக்கும் தெரியாது.

என் கழனி அவருடையதற்கு வடக்கே இருக்கிறது. ரோட்டுக்குப் போக அவர் கழனி ஓரத்து வண்டிப்பாதையை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. இருபது வருஷமாக ஒருநாளும் தடுத்ததில்லை.

போன தடவை கரும்பை வெட்டி அனுப்பச் சொல்லி ஆலையிலிருந்து எனக்குக் கட்டிங் ஆர்டர் வந்தது. விடிந்ததும் ஆட்கள் இறங்கிப் பாதிக் கரும்பை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். டிராக்டர் வந்தபோது பாதைக்குக் குறுக்கே வேலமுள். பக்கத்தில் மாமா.

"இன்னா மாமா, முள்ளு?"

"எல்லைய மூடியாச்சி."

"எந்த எல்லை?"

"அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செரியில்ல மாப்ள. எத்தினி வருஷத்து சிநேகிதம். இப்ப மூஞ்சி குட்து பேசறதில்ல."

"அதுக்கு இங்க ஏன் மாமா?"

"தெக்க நானு, அமெரிக்கா. வடக்க நீ. அப்ப நீ யாரு?"

யோசித்தேன். நான் படித்தது அஞ்சாவது வரை. அதில் கனடா வரவில்லை.

"நான் இன்னா பண்ணேன் மாமா?"

"நீ ஒண்ணும் பண்ல. உன் நாடு பண்ணிக்கினு கீது."

வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் மணிக்கு மணி எடை இறங்கும். டிராக்டர் டிரைவர், "மத்தியானம் வரைக்கும் பாப்பேன். அப்பறம் வேற கழனிக்குப் பூடுவேன்" என்றார். எனக்கோ யாரிடமும் ஒன்றைக் கேட்டுப் பேச வராது. அவசரம் வந்தால் சுத்தமாக வராது.

பத்து மணிக்கு அத்தை கூழோடு வந்தார். "பேச்சுவார்த்தைக்கு வர சொல்றாருப்பா. புங்க மரத்தாண்ட. நானு நடுநிலை நாடாம். ரெண்டு பேருக்கும் ஒரே அளவா கூழு ஊத்தணுமாம்."

எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"கோரிக்கைய சொல்லு" என்றார் மாமா.

பாதை அவருடையது. அவர் விட்டால் உண்டு. அதை எப்படிக் கேட்பது? தலையைக் குனிந்து கூழைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"செரி. ஒரு லோடு வுடறன்."

கலக்கினேன்.

"ரெண்டு. அதுக்கு மேல எங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்க."

"உங்க வூட்ல நான்தான கீறன். நான் நடுநிலை" என்றார் அத்தை.

மாமாவுக்கு வேர்த்தது. "இன்னாடி இவன், வாயையே தொறக்கல? பெரிய ராஜதந்திரியா கீறான். செரிடா, எல்லா லோடும் எட்துக்கினு போ. முள்ளையும் நானே எடுக்கறன். போதுமா?"

அப்போதுதான் தலையைத் தூக்கினேன். என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அவர் பயந்துவிட்டார்.

"ஏ மாப்ள, நாடுங்க சண்ட போட்டுக்கினா நம்புளுக்கு இன்னாடா?"

காலையிலிருந்து நானும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

முள்ளைக் கையாலேயே இழுத்துப் போட்டார். ஒவ்வொரு லோடுக்கும் முன்னால் துண்டை ஆட்டிக்கொண்டு ரோடு வரை நடந்தார். கடைசி லோடு மூலையில் திரும்ப இடமில்லாமல் நின்றபோது, கத்தியை வாங்கித் தன்னுடைய விளையாத கரும்பில் இரண்டு வரிசையை வெட்டித் தள்ளினார். அது எந்த நாட்டுச் சட்டம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

இந்த ஆடியில் மாமா மகனைப் பார்க்கச் சென்னைக்குப் போய்விட்டார். பாதை திறந்தேதான் கிடந்தது. எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் பேச்சு இல்லை என்று சொல்லத்தான் ஆளில்லை. மூன்றாம் நாள் அவர் வரப்பில் உட்கார்ந்து போன் போட்டேன்.

"இன்னா மாப்ள?" என்றார்.

வரப்பு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அன்றைய செய்தியைச் சொல்ல ஆரம்பித்தார். வெயில் ஏறும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.