நாலு டிகிரியும் நாலு கை உப்பும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். எழுத உட்காருவேன், வெட்கம் வந்து பேனாவை மூடிவிடுவேன். இன்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்கிறவன். படிப்பு பத்தாவதோடு சரி. (அதிலும் கணக்கு என்னைக் கைவிட்டது.) என் மகள் ஜாஸ்மின் மாட்டு டாக்டருக்குப் படித்து முடித்து, அது போதாதென்று கிருமிகளைப் பற்றி மேல்படிப்புக்குப் போனாள். கால்நடை நுண்ணுயிரியல் என்று பெயர். ஆடுகள் குறைமாதத்தில் குட்டி வீசுவதற்குக் காரணமான கிருமியைத் தேடுவது அவள் ஆராய்ச்சி. அந்தக் கிருமி மனுஷரையும் பிடிக்குமாம்.

அவள் ரத்தம் எடுக்க வேண்டிய கடைசி ஆட்டு மந்தை, பக்கத்துத் தருவைகுளத்தில். அவள் போன மறுநாளே அது வெளியூர் மேய்ச்சலுக்குக் கிளம்புகிறது. அந்த ரத்தம் கிடைக்காவிட்டால் அவள் படிப்பு முடியாது. ஒரு மே மாதக் காலையில் ரத்தம் எடுத்தாள். சினை ஆடுகளைப் பார்க்க அங்கேயே நிற்க வேண்டியிருந்ததால், தெர்மாகோல் பெட்டியை என்னிடம் தந்து, திருநெல்வேலி பஸ்ஸில் போய்க் கல்லூரி ஆய்வகத்தில் சேர்க்கச் சொன்னாள்.

"யப்பா, நாலு டிகிரி குளிர் போதும். பெட்டியத் தொறக்கவே கூடாது. கேட்டியளா?"

"கேட்டேன் தாயி."

கேட்டேன்தான். ஆனால் வெயிலைப் பார்த்தேன், பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஐஸ் பை இரண்டே இரண்டு. குழாய்களைச் சுற்றிச் செய்தித்தாள் வேறு! சின்னப் பிள்ளை, குளிரைப் பற்றி என்ன தெரியும்? தாளை உருவி எறிந்தேன். மீன் ஏலக்கூடத்தில் நொறுக்கிய ஐஸ் வாங்கி நிரப்பினேன். மீன் கெடாமலிருக்க ஐஸில் உப்புப் போடுவதை நாளெல்லாம் பார்க்கிறவன் நான், அந்த உப்பை விற்கிறவனும் நான். நாலு கை கல்லுப்பைத் தூவி மூடி, "ஆண்டவரே, இதன் குளிர் குறையாமல் காத்தருளும்" என்று ஜெபித்தேன்.

எங்கள் ஊரில் தெர்மாகோல் பெட்டி என்றால் மீன்தான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் விடவில்லை.

"என்ன மீனு அண்ணாச்சி? சீலாவா?"

"மீனு இல்ல. ஆட்டு ரத்தம்." (பொய் சொல்லக் கூடாதே.)

"பொரிக்கதுக்கா? வீட்ல விசேஷமோ?"

"இல்ல. சீக்கு இருக்கான்னு பாக்கதுக்கு."

அடுத்த நிறுத்தத்துக்குள் என்னைச் சுற்றி எல்லா இருக்கையும் காலி. கண்டக்டர் எட்ட நின்றே டிக்கெட்டை நீட்டினார். "பெட்டிய மடியிலயே வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. கீழ வைக்காண்டாம்." மடி மரத்துப்போயிற்று. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஆய்வகத்து மேடம் ஒரு குழாயை எடுத்து மேசையில் தட்டினார். கல் மாதிரி 'டக் டக்' என்றது.

"ஐயா, இது என்ன, குச்சி ஐஸா?"

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டிருந்தார். அளவுக்கு மீறியே கேட்டிருந்தார்.

ஐஸில் உப்புச் சேர்ந்தால் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுமாம், செய்தித்தாள் சுற்றியதே குழாய் உறையாமலிருக்கத்தானாம். ரத்தத்தின் மேலே தெளிந்து நிற்கும் நீரில்தான் சோதனையாம். ரத்தமே பனிக்கட்டியாகிவிட்டால் அணுக்கள் உடைந்து, உருகும்போது எல்லாம் ஒரே சிவப்பாகிவிடுமாம். ஒரு குழாய்கூடத் தேறவில்லை. மகளுக்குப் போன் போட்டேன். குழாயெல்லாம் ஐஸ் கட்டியாகிப்போனதைச் சொன்னேன்.

"யப்பா, உப்பு போட்டியளா?"

"நாலு கை, தாயி."

அழுகிறாள் என்று தெரிந்தது. மந்தை கிளம்புமுன் மறுபடி ரத்தம் எடுத்தாக வேண்டுமே, சாயங்காலத்துக்குள் தருவைகுளத்துக்கு ஓடினேன். ஆட்டுக்கார அந்தோணியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"காலையில எடுத்த ரத்தத்த என்ன செஞ்சிய?"

"உப்பு போட்டுட்டேன்."

"ஊறுகாய்க்கா?"

அழுது வீங்கிய கண்ணோடு என் மகள் சிரித்துவிட்டாள். அந்தோணியம்மாள் சம்மதித்தாள், ஆனால் ஒவ்வோர் ஆட்டையும் நான்தான் பிடிக்க வேண்டுமாம். பிடித்தேன். உதை வாங்கினேன். கடைசியில் ஒரு கிடா என்னை உடைமர முள்காடுவரை இழுத்துப் போனது. வேட்டி முள்ளோடு நின்றுவிட்டது.

"ஏளா, இங்கன பாரு! கிடா ஒங்கப்பாவ மேச்சலுக்குக் கூட்டிட்டுப் போவுது!" என்று என் மகளைக் கூப்பிட்டாள் அந்தோணியம்மாள்.

இந்தத் தடவை பெட்டியை அவளே கொண்டுபோனாள். நான் தொடவும் விடவில்லை. பட்டமும் வாங்கினாள். ஸ்தோத்திரம்.

அவள் கல்யாண வரவேற்பில் ஐஸ்கிரீம் பெட்டிக்கு என் மனைவி தன் தம்பியைக் காவல் வைத்தாள்: "அத்தான் கிட்ட வந்தா வெரட்டு." இன்றும் நான் பிரிட்ஜைத் திறந்தால் எந்த அறையிலிருந்தாவது "உப்பு! உப்பு!" என்று கூப்பாடு கேட்கிறது. மருமகன் சொல்லும் கதையில் நான் ஒரு மூட்டை உப்பைக் கொட்டுகிறேன், ஆடே உறைந்துவிடுகிறது.

ஆகையால் வாசிக்கிறவர்களை வேண்டிக்கொள்கிறேன். பிறருக்குச் சொன்னால் உள்ளபடி சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் போட்டது நாலே கைதான். அதுவும் எனக்குச் சின்னக் கை.